ஆகஸ்ட் மாதத்துக்காரர்

உங்கள் பெயரை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் எண்ணியிருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணினேன். என் பெயரை இல்லை, விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டிக்காரர் ஒருவருடைய பெயரை.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் டீ ஆற்றுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், பெஞ்சில் தூங்குகிறவர் என்று நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அது போதும். குலசாமி பெயர். மூத்த பையனுக்கு அதைத்தான் வைக்க வேண்டும், வேறு வைத்தால் சாமி கோவித்துக்கொள்ளும் என்று மாவட்டத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூர் என்று கிளம்பினார்கள். நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைன் போட உட்கார்ந்தேன். அதே பிரஸ்ஸில் அப்பா ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார், இருபது வருஷத்துக்கு மேலாக. "எம்மவ வேலைக்கு நான் பொறுப்பு மொதலாளி" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டார். எனக்கு அதில் செம கடுப்பு. டிகிரி முடித்தவளுக்கு எதற்கு ஜாமீன்?

போன வருஷக் கடைசியில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். மண்டிக்காரருக்கு அறுபது வயது நிறையப்போகிறது என்று காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். முதலாளி வழக்கமான சாம்பிள்களை எடுத்து விரித்தார். அவர் ஒதுக்கித் தள்ளிவிட்டார். 

"சாமி படம், கொளந்த படம், அருவி படம். வருசா வருசம் இதத்தான அடிச்சுக் குடுக்கீக. இந்தத் தடவ வேற மாதிரி வேணும்."

"எப்படி வேணும் அண்ணாச்சி?"

"என் பேர்ல எம்புட்டு பெரிய ஆளுக இருந்திருக்காக. மாசத்துக்கு ஒருத்தரா பன்னெண்டு பேரப் போடுங்க. ஊரு பாக்கட்டும்."

"பன்னெண்டு பேரு கெடைக்கணுமே."

"தேடுனா கெடைப்பாக. படிச்ச புள்ள ஒண்ண உக்கார வச்சிருக்கீகள்ல, தேடச் சொல்லுங்க."

"தேடிருவோம் அண்ணாச்சி. குறைஞ்சா ஒங்க படத்தவே பன்னெண்டு மாசத்துக்கும் போட்ருவோம்" என்றேன் நான். முதலாளி முறைத்தார். மண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

இன்னொன்றும் கேட்டார். அவருக்கு அறுபது வயது என்றால் அறுபது வீடு. விருதுநகர், சிவகாசி சுற்றுவட்டாரத்தில் அவர் பெயருள்ள அறுபது பேரின் விலாசம் வேண்டும். மண்டி வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால் அந்த அறுபது வீட்டில்தான் காலண்டர் தொங்க வேண்டும். "என் பேருக்காரன் வீட்டுலதான் மொதக் காலண்டர். அதுல ஒரு சந்தோசம்" என்றார்.

விலாசம் பிடிப்பது சுலபமாக இருந்தது. டெலிபோன் டைரக்டரியில் பாதி, எங்கள் பிரஸ் ஆர்டர் நோட்டில் பாதி. பெரிய ஆட்கள்தான் பாடு படுத்தினார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நீதிபதி, ஒரு கண் டாக்டர், ஒரு மல்யுத்தக்காரர், ஒரு நாதஸ்வர வித்வான், பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஒருவர் என்று பதினொரு பேரைச் சேர்த்தேன். எல்லோருக்கும் ஒரே பெயர். ஒருவர் முகத்துக்கும் இன்னொருவர் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பாக்கி ஆகஸ்ட். சுதந்திர தின மாதம், அதனால் தியாகி ஒருவர் வேண்டும். ஆனைக்குட்டம் பக்கத்துத் தியாகி ஒருவர் கிடைத்தார். செத்து நாற்பது வருஷம் இருக்கும். அவருடைய பேரன் போட்டோவைக் கொண்டுவந்தார், நான் அன்றைக்கு லீவு. ஆபீஸில் இருந்தவர்கள் ஸ்கேன் பண்ணிக்கொண்டு போட்டோவைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே எங்கள் பிரஸ் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எதற்காக வந்த போட்டோவானாலும் கம்ப்யூட்டரில் ஆளின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு நம்பர் போட்டு வைப்பார்கள். ஊர் கிடையாது, தெரு கிடையாது. அந்தப் பெயரில் மட்டும் பத்தொன்பது முகங்கள் இருந்தன. மறுநாள் நான் வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவதில் பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, நேர்ப் பார்வை, தோளில் துண்டு மாதிரி ஏதோ. தியாகி என்றால் இப்படித்தான் இருப்பார் என்று என் மண்டையில் இருந்த முகம் அது. யாரிடமும் கேட்கவில்லை. கலரை எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். பழைய போட்டோ மாதிரி நாலு கீறல் போட்டேன். சுற்றி மாலை, கீழே எரிகிற விளக்கு ஒன்று.

எங்கள் பக்கம் படத்துக்கு மாலையும் விளக்கும் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் உயிரோடு இல்லை.

மண்டிக்காரர் புரூப் பார்த்துச் சரி என்றார். தியாகியின் முகம் அவருக்கும் தெரியாது. அப்பா மெஷினில் ஓடியது. தலையில் தகரப் பட்டை அடித்து ஆயிரம் காலண்டர். முதல் லோடு காலையில் விருதுநகருக்குப் போனது. அதில் அந்த அறுபது வீட்டுக் கட்டும் போனது, நான் டைப் அடித்த விலாசங்களோடு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பிரஸ்ஸில் வேஸ்ட் தாளை விரித்துத்தான் சாப்பிடுவோம். பைண்டிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி தூக்குச்சட்டியைத் தாள் மேல் வைக்கப் போனவள், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஏ பாப்பா, இது எங்க தெரு போர்மேன்ல?"

"இல்லக்கா. இவரு தியாகி. செத்து நாப்பது வருசமாச்சு."

"எந்தத் தியாகி? போன மாசம் வரைக்கும் தெரு மொனையில நின்னு பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுன மனுசன். இந்தா, காது மடல் பிஞ்சிருக்கு பாரு. சின்ன வயசுல வெடி பட்டது."

பார்த்தேன். பிய்ந்திருந்தது. அதை நான் பழைய போட்டோவின் சேதம் என்று நினைத்து, பொருத்தமாக இருக்கிறது என்று விட்டு வைத்திருந்தேன்.

அவள் குரலை இறக்கினாள். "பன்னெண்டு நாளா மதுரை பெரியாஸ்பத்திரில கெடக்காக. வெடிமருந்து ரூம்ல தீப் பிடிச்சதுல்ல, அதுல. மதினி நெதம் பஸ்ல போயிட்டுப் போயிட்டு வருது. எதுக்கு பாப்பா வெளக்கு போட்டிருக்கு?"

கை கழுவாமல் ஓடிப் போய் கம்ப்யூட்டரில் கடைசியாக ஸ்கேன் பண்ணிய பத்தொன்பதாவது கோப்பைத் திறந்தேன். ஒல்லியான கிழவர், தலையில் குல்லா. அவர்தான் தியாகி. ஏழாவது, போர்மேன். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எங்களிடம் கொடுத்த படம். ஆர்டர் நோட்டிலிருந்து நான் எடுத்த விலாசங்களில் அந்த வீடும் உண்டா என்று லிஸ்ட்டில் விரல் வைத்துத் தேடினேன். நாற்பத்தொன்றாவது. உண்டு.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். மெஷின் சத்தத்தில் முதலில் அவருக்கு விளங்கவில்லை. தாளைக் காட்டி மறுபடியும் சொன்னேன். மண்ணெண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். 

"அந்த வீட்டுக்கும் போயிருக்கா?"

"இன்னைக்குத்தான் குடுப்பாக."

"அந்தம்மா பாத்துட்டா?"

"தெரியல."

மெஷினை நிறுத்தினார். டிசம்பரில், சீசனில், லோடு காத்துக்கிடக்கும்போது அப்பா மெஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"மொதலாளிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வண்டிய எடுத்துட்டு அந்த வீட்டுக்குப் போ. அந்தப் பொம்பள பாத்துரக் கூடாது."

"ஒங்களத்தான் திட்டுவாரு."

"திட்டட்டும். நான்தான பொறுப்பு. போ."

மண்டிக்குப் போன் போட்டேன். கணக்கப்பிள்ளை எடுத்தார்.

"பேருக்காரவுக கட்டா? அது வந்த ஒடனே குடுத்துவிட்டாச்சே. சிவகாசிப் பக்கம் ஒரு ஆளு பைக்கில போயிருக்கான்."

"எப்பங்க?"

"பத்து மணிக்கே."

"அவர்ட்ட செல்லு இருக்கா?"

"செல்லா? அவன்ட்ட வாச்சே கெடையாதும்மா."

அப்பாவின் டி.வி.எஸ். 50. பின்னால் பைண்டிங் அக்கா. வழி தெரியும் என்று அவளே ஏறிக்கொண்டாள். அவள் வாய் ஓயவில்லை. மதினி ரொம்பச் சகுனம் பார்க்கும், வீட்டை விட்டு இறங்கும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணி குடித்துவிட்டுத்தான் போகும், இதைப் பார்த்தால் அங்கேயே விழுந்துவிடும். ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிர்ப்புறம் வண்டிகள் வரிசையாக நின்றன. அதில் ஒரு பைக், பெட்ரோல் டேங்க் மேல் மண்டி பெயர் போட்ட சாக்குப் பை மடித்துக் கிடந்தது. பை காலி.

கேட் திறந்ததும் அந்த ஆளை மறித்தேன்.

"அண்ணே, காலண்டர் எல்லாம் குடுத்தாச்சா?"

"ஆனக்குட்டம் வரைக்கும் குடுத்தாச்சு. ஏன், ஒங்க வீட்டுக்கு வரலயா?"

"அந்தப் போர்மேன் வீடு?"

"அது பூட்டிக் கெடந்துச்சு. சன்னல் வழியா உள்ள போட்டுட்டேன். பத்திரமா இருக்கும்."

பத்திரமா இருக்கும் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. சன்னல் கம்பி வழியாகப் பார்த்தோம். கட்டிலுக்குக் கீழே, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய காலண்டர். கைக்கு எட்டாது. மதுரைக்குப் போனவள் அஞ்சரை பஸ்ஸுக்குத்தான் திரும்புவாள் என்றாள் அக்கா. மணி மூன்றுகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு வாங்கி வந்தாள். நான் கம்பியோடு கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு, கம்பை உள்ளே விட்டு, தகரத்தில் இருக்கும் வளையத்தைக் கொக்கியில் மாட்டப் பார்த்தேன். ஒரு தடவை மாட்டியது. பாதி தூரம் வந்து நழுவியது. இன்னொரு தடவை மாட்டியது.

"என் வீட்டுச் சன்னல்ல என்ன மீனா பிடிக்கீக?"

திரும்பினேன். ஐம்பது வயது இருக்கும் அம்மா ஒருத்தி. கையில் ஒயர்க் கூடை, கூடைக்குள் காலி டிபன் கேரியர். பைண்டிங் அக்காவின் முகம் செத்துப்போனது. மூன்று மணிக்கே வந்துவிட்டாளே, ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆகிவிட்டதா என்ற கேள்விதான் அது. எனக்கும் அதேதான்.

"என்ன மதினி, அதுக்குள்ள வந்துட்டீக?"

"நாளைக்குக் கைக்கு ஆப்ரேசன்னுட்டாக. ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துட்டுப் போகணும். யாரு இது?"

"பிரஸ்ஸில இருந்து வாறேன் அத்த. காலண்டர் ஒண்ணு மாறி வந்துருச்சு. எடுத்துட்டு வேற குடுக்கலாம்னு."

"கதவு தொறக்கிற வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

பூட்டைத் திறந்து உள்ளே போய், குனிந்து, காலண்டரை எடுத்துவிட்டாள்.

"இதா அது? மண்டிக்காரரு ஆளு போன வாரமே சொல்லிட்டுப் போனாக. அவுக பேருல உள்ள பெரிய ஆளுக எல்லாம் இருக்காகளாம்ல. ஆஸ்பத்திரில போய்ச் சொன்னேன். வந்ததும் கொண்டா பாப்போம்னாக. கண்ணு நல்லாத்தான் இருக்கு, கைதான்." ரப்பர் பேண்டை உருவி வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். "நாளைக்குக் காலைல கொண்டு போகணும்."

"வேற நல்லதா கொண்டாறேன் அத்த. இதக் குடுங்க."

"இதுக்கு என்ன கொறச்சல்?"

கட்டிலில் உட்கார்ந்து மடியில் விரித்தாள். சனவரி, நீதிபதி. "கண்ணாடி போட்டிருக்காரு." பிப்ரவரி, டாக்டர். மார்ச், மல்யுத்தக்காரர். "என்ன ஒடம்பு, சோத்துக்கு எம்புட்டு அரிசி வேணும்." ஏப்ரல். ஒவ்வொரு தாளிலும் கணவன் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு பெயரின் உருவம் மட்டும் அவளுக்குத் தெரியும். மே. ஜூன். பைண்டிங் அக்கா "மதினி, ஒரு செம்பு தண்ணி தாங்களேன்" என்றாள். "பானையில இருக்கு, மோந்து குடி." ஜூலை.

நான் தாளின் மேல் கையை வைத்துவிட்டேன்.

"அத்த, அடுத்ததப் பாக்காதீக."

"ஏன்?"

"நான் தப்புப் பண்ணிட்டேன்."

என் கையைப் பிடித்துத் தூக்கித் தள்ளி வைத்தாள். திருப்பினாள்.

தெருவில் ஒரு வேன் போனது. அவள் விரல் மீசையில் போகவில்லை, விளக்கில் போகவில்லை. தோளில் இருந்த துண்டில் போய் நின்றது.

"இது துண்டு இல்ல" என்றாள். "என் சேல முந்தி."

நான் துண்டு என்று நினைத்தது அவளைத்தான். கல்யாணப் பத்திரிகைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று எடுத்த படம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ ஆளை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டினதில் மிஞ்சிய கரையைத்தான் நான் கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தேன்.

"வெளக்கு யாரு போட்டது?"

"நான்தான்."

"மால?"

"அதும் நான்தான்."

பைண்டிங் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ எதுக்குடி அளுகுற? உசுரோடதான் இருக்காக. காலைல இட்லி பத்தலன்னு எங்கூட சண்ட போட்டாக."

அந்தத் தாளைக் கிழித்துவிடுவாள், என்னை அடித்துவிடுவாள் என்று நின்றேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"தியாகி படத்த மாத்திப் போட்டு நாளைக்குள்ள கொண்டாந்துறேன் அத்த. இது ஒரு வீட்டுலயும் இருக்காது, எல்லாத்தயும் வாங்கிருவோம்."

"தியாகி எனக்கு எதுக்கு? எடுத்தது எடுத்துட்ட. அவுகளே இருக்கட்டும். வெளக்க எடு, மாலைய எடு. கலர்ல போடு. என்னைய எதுக்கு வெட்டுனீக, என்னையும் சேத்து ஒட்டு."

"இது பெரிய ஆளுக காலண்டர்..." வாயில் பாதி வந்த பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"ஏன், போர்மேன் பெரிய ஆளு இல்லயா?" பைண்டிங் அக்காவைக் காட்டினாள். "இவ தங்கச்சிகிட்டக் கேளு. உள்ள இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரையும் வெளிய தள்ளிட்டுத்தான் கடைசில வந்தாக. காலைல மொத பஸ்ஸு அஞ்சே முக்காலு. அதுக்குள்ள குடு."

விளக்குப் போட்ட தாளை அவள் தரவில்லை. காலண்டரிலிருந்து உருவி, நாலாக மடித்து, அடுப்படிக்குப் போனாள். எரிகிற வாடை வந்தது. மீதிக் காலண்டரை என் கையில் கொடுத்தாள்.

பிரஸ்ஸில் முதலாளி எல்லோர் முன்னாலும் அப்பாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "படிச்ச புள்ள, படிச்ச புள்ளன்னியே. மூஞ்சியப் பாக்கவுமா காலேசுல சொல்லித் தரல?" நான் பேச வாயெடுத்தபோது அப்பா "நீ போய் படத்த எடு" என்றார். மண்டிக்காரரிடமும் போனில் சொல்லியாகிவிட்டது. அவர், "செத்தவருக்கு வெளக்கு வைக்கலாம். ஆஸ்பத்திரில கெடக்கவருக்கு வைக்கலாமாய்யா?" என்று மட்டும் கேட்டாராம். பைக்கில் போனவரும் மண்டி ஆட்களும் மறுபடியும் அறுபது வீட்டுக்கும் போய்ச் சேகரித்துவந்தார்கள். எல்லாக் காலண்டரிலும் ஆகஸ்டைப் பிரித்தெடுத்து, குல்லா வைத்த தியாகியை வைத்து, அப்பாவும் பைண்டிங் ஆட்களும் மாற்றினார்கள். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்கு வெட்டாத படத்தைத் தேடினேன். பழைய சி.டி. ஒன்றில் இருந்தது. பக்கத்தில் நிற்பவள் கிளிப்பச்சைச் சேலை, சிவப்புக் கரை. போட்டோ எடுக்கிறவன் சிரிக்கச் சொல்லியிருப்பான், சிரிக்கவில்லை. கலர் பிரிண்ட் எடுத்தேன். பைண்டிங் அக்கா குறடால் தகரத்தை நெம்பி, தாளைச் செருகி, திரும்ப அழுத்தினாள்.

மறுநாள் காலை அஞ்சரைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவள் வந்து, மற்ற மாதம் எதையும் பார்க்காமல் நேரே ஆகஸ்டைப் பிரித்தாள்.

"சேல கலரு கூடிப்போச்சு" என்றாள். சுருட்டி, மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைப் போட்டு, ஒயர்க் கூடையில் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் செருகினாள். பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் விசில் அடித்தான், பஸ் கிளம்பியது.

இப்போது ஆகஸ்ட் நடக்கிறது. அந்த வீட்டுச் சுவரில், இரண்டு பேர் படத்துக்கும் கீழே, பதினெட்டாம் தேதிக் கட்டத்தில் 'மதுரை, டாக்டரிடம் கை காட்ட' என்று கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறது. போர்மேன் இடது கையால் எழுதியது.